வராத மெயிலுக்காகக் காத்திருந்த கடை

யாழ்ப்பாணத்திலிருந்து மலையகத்து நோர்வூட்டுக்கு ஆசிரியராக மாற்றலாகி வந்திருந்தேன். மாலையில் பேச ஆளில்லை. "வீட்டிலிருந்து மெயில் வரும்" என்று சொல்லி, தினமும் செல்வராஜ் அண்ணனின் இன்டர்நெட் கடையில் போய் உட்காருவேன்.

ஒருநாள் வைரஸ் தடுப்பு மென்பொருளைப் புதுப்பித்ததும் அங்கிருந்த ஒரே கணினியின் திரை நீலமாகி நின்றுவிட்டது. எத்தனை தடவை அணைத்துப் போட்டும் சரிவரவில்லை.

அண்ணன் என்னைப் பார்த்துப் பதறினார். "ஒங்க வீட்டு மெயில் வந்திருக்குமே சார்! வாங்க, ஹட்டன் டவுனுக்குப் போயி பாத்துட்டு வந்துருவோம்." கடையைப் பூட்டவே எழுந்துவிட்டார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. "வேண்டாம் அண்ணை. எனக்கு எழுத ஒருத்தரும் இல்லை. சும்மாதான் வாறனான்."

அவர் நாற்காலியைத் தன் பக்கம் இழுத்துப் போட்டார். "அதுக்கென்னங்க சார், நான் இருக்கேன்ல. உக்காருங்க, டீ சொல்றேன்."

கணினி சரியாவதற்குப் பத்து நாளாயிற்று; அந்தப் பத்து நாளும் மாலையில் அங்கே போனேன். அந்த ஊரில் காரணம் சொல்லாமல் நான் போய்வந்த முதல் இடம் அதுதான்.