கடைசியாகப் பேசிய தலைவர்

வெரோனிகா டீச்சர் மாதிரி ஒரு செயலாளர் வேறு எந்த அறக்கட்டளைக்கும் வாய்க்க மாட்டார். அடித்துச் சொல்வேன், அவருடைய அறக்கட்டளையில் நானும் ஒரு உறுப்பினர்தான். டீச்சர் மந்தைவெளிக்காரர். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, வீட்டு வேலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகளுக்காகச் சைதாப்பேட்டையில் ஒரு காப்பகம் தொடங்கினார்.

அதைத்தான் மூடப் பார்த்தார் எங்கள் தலைவர் ஜேக்கப். வேறு யாருமில்லை, டீச்சரின் வீட்டுக்காரர்! "எங்களுக்கு வயசாயிடுச்சு, இனிமே பாத்துக்க ஆள் இல்ல" என்பது அவர் கட்சி. காப்பகக் கட்டடத்தின் சொந்தக்காரருக்கு, தொடர்வோமா காலி செய்வோமா என்று ஒரு ஞாயிறு மாலைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

எங்கள் கூட்டமெல்லாம் ஜூமில்தான். முதலில் ஜேக்கப் சார் பேசுவார். பெரியவர் பேசிய பிறகு எதிர்த்துப் பேசுவதாவது! ஆளாளுக்கு "அதேதான் சார்" என்று சொல்லிவிட்டு, கேமராவை அணைத்துவிட்டுக் காய் நறுக்கப் போய்விடுவோம்.

அந்த ஞாயிறன்றும் டீச்சர் சமையலறையில், சார் ஹாலில். பக்கத்தில் உட்கார்ந்தால் இரண்டு போனும் ஒன்றையொன்று எதிரொலித்து ஊளையிடும். சார் தொண்டையைக் கனைத்தார்.

"தலைவர் அவர்களே, ஒரு நிமிஷம்" என்றார் டீச்சர். வீட்டில் 'என்னங்க', கூட்டத்தில் இப்படி. "எல்லாரும் கேமராவைப் போடுங்க. இன்னைக்கு வயசுல சின்னவங்க மொதல்ல. தலைவர் கடைசியில."



கோடம்பாக்கம் அஸ்வின்தான் எல்லோரிலும் சின்னவன். திருதிருவென்று விழித்தான். பிறகு ஒரே மூச்சில், "மூட வேணாம் டீச்சர். சனிக்கிழமை நான் போய்ப் பாத்துக்கறேன்" என்றான். அட! எனக்கும் துணிச்சல் வந்துவிட்டது. செவ்வாயும் வியாழனும் என் பொறுப்பு என்றேன். தி. நகரில் தன் துணிக்கடைக்குள்ளிருந்து ஜவஹர் அண்ணாச்சி, "மிச்ச நாளுக்கு எங்க வீட்ல வருவாங்க. கேட்டாச்சு!" என்று கத்தினார். நான் நாற்காலியிலேயே குதித்தேன்.

"தலைவர் அவர்களே, நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார் டீச்சர்.

சாரின் கட்டத்தில் திடீரென்று மின்விசிறி தெரிந்தது, பிறகு சுவர். கோபித்துக்கொண்டு எழுந்து போகிறாரா?

அடுத்த நொடி, டீச்சரின் முதுகுக்குப் பின்னால் போனும் கையுமாக வந்து நின்றார்.

"இத்தனை பேர் இருக்கீங்கன்னு இதுக்கு முன்ன ஒருத்தராவது வாயைத் தொறந்தீங்களா?" என்று எங்களைக் கேட்டார். பிறகு மனைவியைப் பார்த்து, "அதேதான் டீச்சர்" என்றார்.

இரண்டு போனும் ஊளையிட ஆரம்பித்தன. மற்ற நாளாக இருந்தால் "மியூட், மியூட்" என்று கத்தியிருப்போம். அன்று ஊளையிடட்டும் என்று விட்டுவிட்டோம்.