விரல் பதியாத வார்ப்பு

செவ்வாய்க்கிழமை, தென்காசி பஸ் நிலையத்தில் எங்கள் வார்ப்பாலையின் பழைய வாட்ச்மேன் என்னை நிறுத்தினார். "சார், நம்ம சுடலைமுத்து அண்ணாச்சி போயிட்டாவ."

"கடைசியில் என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லலியே."

சொல்லியிருக்க மாட்டார்.

கிணற்றுப் பம்புகளுக்கு நாங்கள் இரும்பு வார்த்தோம். மண்ணில் அச்செடுப்பவர்களில் சுடலைமுத்து அவர்களே மூத்தவர். அச்சுப் பெட்டியை மூடுமுன் உட்பக்கம் ஓரிடத்தில் மண்ணைப் பெருவிரலால் அழுத்துவார். வார்த்தபின் அங்கே பயறளவு மேடு எழுந்து நிற்கும். ஏன் என்று பலமுறை கேட்டிருக்கிறேன். "பம்புக்குப் பொட்டு வச்சு அனுப்புதேன், சார்" என்பார்.

நான் படித்துவிட்டு சூப்பர்வைசராக வந்தவன். அவர் ஒரு பிடி மண்ணை இறுக்கி, உடைத்துப் பார்த்து, "இன்னிக்கு ஊத்தாண்டாம், மண்ணுக்குள்ள சாரல் கெடக்கு" என்று எல்லார் முன்னும் என் உத்தரவை நிறுத்தியது மூன்று முறை. மூன்றும் நினைவிருக்கிறது.

அவர் பண்பொழி கோயிலுக்குப் போயிருந்த ஓர் ஆடி நாளில், ஈர அச்சிலேயே ஊற்றச் சொன்னேன். வார்ப்பு பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. ஒரே மாதத்தில் கடையத்தில் ஒரு கிணற்றடியில் பிளந்தது. உள்ளே முழுக்கக் காற்றுக்குழி.

முதலாளி உடைந்த துண்டை மேசையில் போட்டார். "இது யாரு வேல? அந்த ஆளு நாளைக்கு இங்க இருக்கக் கூடாது."

நான் துண்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எம் பெட்டிதான் மொதலாளி" என்றார் சுடலைமுத்து அவர்கள்.

"உம்ம விரல் எங்க வே?"

"அவசரத்துல விட்டுப் போச்சு."

அவரை அனுப்ப முதலாளிக்கு மனம் வரவில்லை. அந்தச் சாரல் பருவம் முடியும்வரை மண் சலிக்க வைத்தார். சல்லடையருகே போய், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"ஒங்களுக்கு இந்த வேலைய விட்டா வேற என்ன தெரியும், சார்? எனக்கு மண்ணு சலிக்கவும் தெரியும்லா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவர் என்னைக் காப்பாற்றியதையும்தான்.

கீழப்பாவூரில் அவர் வீட்டு வாசல் பம்பில் துக்கத்துக்கு வந்த எல்லாரும் கால் கழுவினார்கள். நான் குனிந்து அடிப்பக்கம் தடவினேன். பயறளவு மேடு இருந்தது. என் பெருவிரலை வைத்துப் பார்த்தேன். அவருடைய விரல் பெரியது.

இந்த அஞ்சலியை முதலாளியும் படிப்பார். படிக்கட்டும். அந்தப் பெட்டி உங்களுடையது அல்ல, சுடலைமுத்து அவர்களே. என்னுடையது. போய் வாருங்கள்.