ராஜேஸ்வரி அக்கா எழுதிய ஒரு வரி

ராஜேஸ்வரி அக்கா இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் திருப்புலிவனம் வள்ளியம்மாள். சென்ற செவ்வாய்க்கிழமை காலை போனில் அழைத்து, "அந்தம்மா பூட்டாங்கப்பா. மஞ்சக்காமாலையாம்" என்றார்.

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள தட்டச்சுக் கடையில் அக்காவும் நானும் ஒன்பது ஆண்டுகள் அடுத்தடுத்த மேசையில் வேலை பார்த்தோம். ஆங்கிலத்தில் மனு எழுத வேண்டுமென்றால் அவரைத்தான் தேடி வருவார்கள். உங்களில் பலரும் வந்திருப்பீர்கள். ஆங்கிலத்தின் சின்னச்சின்ன இடைச்சொற்களிடம் மட்டும் அவருக்குப் பயம். "தமிள்ல 'ல'ன்னு ஒண்ணு போட்டா முடிஞ்சிடுது. இதுல இன், ஆன், அட்டுன்னு மூணு கீது. மாத்திப் போட்டா அர்த்தமே மாறிப்பூடுது" என்பார்.

வள்ளியம்மாளின் கணவர் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. கூரைத் தகடு மாற்ற ஏறியவர் தவறி விழுந்து இறந்தார். தலைமை அலுவலகம் வடக்கே இருந்ததால் இழப்பீட்டு மனுவை ஆங்கிலத்தில் கேட்டார்கள். வேலை நிமித்தமாக ஏறினார் என்று எழுத வேண்டிய இடத்தில் அக்கா நிறுத்தினார்.

"பர்ப்பஸுக்கு முன்னால இன்னா வரும்? ஃபார் போடணுமா, ஆன் போடணுமா?"

நான் தலையைத் தூக்காமலேயே "ஆன்" என்றேன்.

'ஆன் பர்ப்பஸ்' என்றால் வேண்டுமென்றே என்று பொருள். கணவர் வேண்டுமென்றே ஏறி விழுந்ததாக மனைவியே எழுதிக் கொடுத்திருக்கிறார், ஆகவே இது தற்கொலை என்று பதில் வந்தது.

வெளியே சொல்ல வேண்டாம், கடையின் பெயர் கெடும் என்றார் முதலாளி. அக்கா அன்று மாலையே திருப்புலிவனம் போய்த் தன் தவறைச் சொன்னார். வள்ளியம்மாள் அவரை வாசலோடு நிறுத்திவிட்டார். "எங்க வூட்டுக்காரர நீ ரெண்டாந்தபா சாவடிச்சிட்டியேம்மா."

காஞ்சிபுரத்தில் நடந்த விசாரணைக்கு அக்கா தானாகவே சாட்சியாகப் போனார். இத்தனை வருடம் ஆங்கில மனு எழுதுகிறவருக்கு இதுகூடத் தெரியாதா என்று நிர்வாகத்தின் வழக்கறிஞர் கேட்டார். "தெரியல சார். அவங்க சொன்னது வேற, நான் எழுதுனது வேற." யாரையாவது கேட்டு எழுதினீர்களா என்பது அடுத்த கேள்வி. நான் பின்வரிசையில் இருந்தேன். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

"இல்ல சார். நானாதான் எழுதுனேன்."

நானும் எழுந்திருக்கவில்லை.

விபத்து என்றே தீர்ப்பானது. வள்ளியம்மாளும் அக்காவிடம் மெல்லப் பேசத் தொடங்கினார். ஆனால் ஊரார் அக்காவிடம் மனு எழுத வருவதை நிறுத்தினார்கள். முதலாளி அவரை வேலையிலிருந்து நிறுத்தினார். கடைசி மூன்று ஆண்டுகள் ஒரு செருப்புக் கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டினார். ஒருமுறை பார்க்கப் போனபோது மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "உடு. எழுதுன கைதான் ஜவாப் சொல்லணும்" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

நேற்று வள்ளியம்மாளின் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அவர் எழுந்து உள்ளே போனார். திரும்பி வரவில்லை.

அக்காவிடமிருந்து என்னிடம் இன்று இருப்பவை அவருடைய மேசையும், அவரை விட்டுவிட்டு என்னிடம் மனு எழுத வரும் நீங்களும்தான்.