புள்ளிக்கு முன்னால் வந்த கோலம்

கோலத்தை முதலில் போட்டு முடித்துவிட்டு, அப்புறம் அதற்குத் தோதான இடங்களில் புள்ளி வைத்தவன் நான். தமிழ்நாட்டில் வேறு யாராவது இந்தக் காரியத்தைச் செய்திருக்கிறார்களா என்று தெரியவில்லை. செய்திருந்தாலும் வெளியில் சொல்லியிருக்க மாட்டார்கள். நானும் சொல்லியிருக்க மாட்டேன். புள்ளியே இல்லாத கோலத்தைப் படம் பிடித்து, "வேலை நடந்துகொண்டிருக்கிறது" என்று தெரு குரூப்பில் பெருமையாகப் போட்டுத் தொலைத்தேன். சற்று நேரம் கழித்துப் புள்ளிகளோடு இன்னொரு படம் போட்டேன். திருடனே இரண்டு படம் எடுத்துப் போலீசுக்கு அனுப்பிய மாதிரி ஆகிவிட்டது.

"வீட்டைக் கட்டிட்டுத்தான் அஸ்திவாரம் தோண்டுவீங்களா சார்?" என்று முதல் பதில் வந்தது.

"புள்ளியெல்லாம் ஏன் சார் அம்மை போட்ட மாதிரி இருக்கு?" என்று அடுத்தது.

இத்தனைக்கும் நான் கோலத்தைப் பற்றிக் கட்டுரை எழுதியவன். நூலக மாடியில் ஒரு சாயங்காலம் நின்று, "தொடக்கமும் முடிவும் இல்லாத கோடு" என்று பேசிக் கைதட்டல் வாங்கியவன். அன்று காலை என் வாசலில் கிடந்த கோட்டுக்குத் தொடக்கம் ஒன்றும் முடிவுகள் ஐந்தாறும் இருந்தன.

தஞ்சாவூரில் புது பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, வயலாக இருந்து மனையாகிப் பிறகு தெருவானவற்றில் ஒன்று எங்கள் தெரு. தெருமுனையில் ஃபேன்ஸி ஸ்டோர் வைத்திருக்கும் அம்மாள்தான் கோலப் போட்டியைத் தொடங்கியவர். கணவர் துபாயில் இருக்கிறார்; கடை, பிள்ளைகள், தெரு மூன்றையும் இவரே நடத்துகிறார். வளையல், பரீட்சை அட்டை, ஹேர்பின்னோடு கலர் கோலமாவும் விற்பவர். ஆனால் அவர்கள் வீட்டு வாசலில் கோலம் போடும் வழக்கமில்லை. போட்டியில் அவருக்குச் சொந்தக் கோலம் இல்லாததால், சண்டையில்லாமல் தீர்ப்புச் சொல்லக்கூடிய ஒரே நடுவர் அவர்தான் என்று தெரு ஏகமனதாக ஒப்புக்கொண்டது.

மார்கழி பிறந்ததிலிருந்து பொங்கல்வரை தினம் ஒரு கோலம். முந்தின நாள் விளக்கு வைக்கும் நேரத்துக்கு மறுநாளைய தலைப்பு வரும். பூசணிப்பூ, கிறிஸ்துமஸ் நட்சத்திரம், புத்தாண்டு, ஏகாதசிக்குச் சொர்க்கவாசல், கதிர், கரும்பு, பானை என்று பண்டிகைகளின் வரிசையில் போகும். காலை ஏழு மணிக்குள் படம் வந்துவிட வேண்டும். அச்சு, ஸ்டிக்கர், ஓட்டை போட்ட குழாய் எதுவும் கூடாது. கையால்தான் போட வேண்டும்.

அந்தக் கைதான் எங்கள் வீட்டில் பிரச்சினை.

என் மனைவி நீடாமங்கலம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சர். ஐப்பசியில் ஒருநாள் பள்ளி விட்டு வரும்போது, குறுவை நெல்லை ரோட்டில் பாதி அகலத்துக்குக் காயப்போட்டிருந்த இடத்தில் ஸ்கூட்டர் வழுக்கியது. வலது மணிக்கட்டு முறிந்தது; பொங்கல்வரை மெடிக்கல் லீவு. கார்த்திகைக் கடைசியில் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். கை அவளுடையதாகத்தான் இருந்தது. விரல்கள் வேறு யாருடையவோ போல விறைத்திருந்தன. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் பேச்சுவார்த்தை நின்றுபோன பங்காளிகள் மாதிரி ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. தொட்டுக்கொள்ளவில்லை.

"வலிக்கும்மா. வலிச்சாலும் மடக்கணும். விட்டுட்டீங்கன்னா இப்படியே நின்னுடும்" என்று பிசியோதெரபி தம்பி கறாராகச் சொல்லி, பிடித்து அமுக்க ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தார். இரண்டு நாள் அமுக்கினாள். மூன்றாம் நாள் வலியில் முகம் வெளுத்துவிட்டது. பந்து டிவிக்குப் பின்னால் உருண்டு போயிற்று. அதை எடுக்கச் சொல்லி நான் கேட்டால், "நாளைக்கு" என்பாள்.

ஸ்பூனால் சாப்பிட ஆரம்பித்தாள். எங்கள் ஊரில் சோற்றை ஸ்பூனால் சாப்பிடுவது ஆஸ்பத்திரியில்தான். நான் சாப்பிட்டு எழுந்த பிறகு தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். "நெல்லுதான் தள்ளிவிட்டுச்சு. இப்ப சோத்தையும் தொட விடமாட்டேங்குது" என்று ஒருநாள் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தெருவிலேயே பெரிய கோலம் போடுகிறவள் அவள். புள்ளி வைத்தால் ஸ்கேல் வைத்துப் பார்க்கலாம்.

போட்டிக்கு முந்தின நாள் கடைக்கார அம்மாள் வீட்டுக்கே வந்தார். "டீச்சர், பேரை எடுத்துடவா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"எடுத்துடும்மா" என்றாள் மனைவி, கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டு.

"எடுக்க வேண்டாம். நான் போடறேன்" என்றேன் பேப்பருக்குப் பின்னாலிருந்து. அது தியாகம் என்றுதான் நினைத்துக்கொண்டேன். யோசித்துப் பார்த்தால் அப்படிப் பேசியது நூலக மாடியில் வாங்கிய கைதட்டல்.

மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏங்க, பேசறது வேற, குனியறது வேற."

குனிவது வேறுதான். பெண்கள் இடுப்பில் மடிந்து நின்றபடி வாசலைச் சுற்றி வருகிறார்கள். நான் மணைப்பலகை ஒன்றைப் போட்டு உட்கார்ந்து, தவளை மாதிரி நகர்ந்தேன். பின்பக்கமாக நகர்ந்ததில், போட்ட கோட்டையெல்லாம் வேட்டி நுனி துடைத்துக்கொண்டே வந்தது. திரும்பிப் பார்த்தால் நான் போட்டதில் பாதி என்மேல் இருந்தது.

தலைப்பு வந்ததும் நான் செய்த முதல் வேலை புத்தக அலமாரிக்குப் போவது. இதைவிடப் பெரிய தப்பு இருக்க முடியாது. சொர்க்கவாசல் என்று தலைப்பு வந்த அன்று இரவுச் சாப்பாடுவரை கோபுர வாசல்களைப் பற்றிப் படித்தேன். நிலை, படி, துவாரபாலகர்கள் என்று மனசுக்குள் ஒரு வாசல் பிரம்மாண்டமாக எழும்பியது. நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் வரைந்து பார்த்தேன்; கதவு மட்டும் தேறியது. விடியற்காலைப் பனியில் மாவு நமுத்து, கையிலிருந்து கட்டி கட்டியாக விழுந்தது. கதவில் குறுக்குக் கோடுகள் மட்டும் மிஞ்சின.

"ரேஷன் கடை ஷட்டர் பாதி தொறந்திருக்கே. இன்னிக்கு பாமாயில் உண்டா சார்?" என்று எதிர்வீட்டிலிருந்து பதில் வந்தது.

கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கோடியக்கரையில் கரை ஒதுங்கிய ஏதோ ஒரு ஜந்து போல வந்தது. புத்தாண்டில் வருஷத்தின் கடைசி எண்ணுக்கு வாசலில் இடம் போதாமல், அதைச் சாக்கடை மூடியின்மேல் போட்டேன். கதிர் என்ற தலைப்புக்கு நெற்கதிரைக் கம்பீரமாக நிமிர்த்தி வரைந்தேன். வயல் நடுவே பிறந்தவனுக்கு அதில் சந்தேகமே வரவில்லை. "கதிர் தலை சாயாம நிக்குதே, முழுக்கப் பதர் போலருக்கு. பயிர் இன்சூரன்ஸுக்கு எழுதிப் போடுங்க சார்" என்றார்கள். முற்றிய கதிர் மணியின் கனத்தில் வளையும். அது தெரியாமலில்லை, நிமிர்த்தினால்தான் படத்துக்கு அழகு என்று எனக்குள்ளிருந்த ஓவியன் முடிவு செய்துவிட்டான்.

இந்தக் கேலிகளுக்கு நான் நன்றி சொல்லியாக வேண்டும். சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை. காலைக் காப்பியின்போது அவற்றை எனக்கு வாசித்துக் காட்டுவது மனைவியின் வேலையாயிற்று. இடது கையில் போனைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வீட்டுக்காரர் குரலிலும் வாசிப்பாள். பாமாயில் பதிலை வாசிக்கும்போது சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஐப்பசிக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. மறுநாளும் கேவலமாகப் போட வேண்டும் என்று அன்றே உறுதி எடுத்துக்கொண்டேன். அதற்கு உறுதி எதுவும் தேவைப்படவில்லை என்பது வேறு விஷயம்.

கொஞ்ச நாளில் அவளே வாசற்படிக்கு வந்து நின்றாள். மப்ளரைத் தலையில் சுற்றிக்கொண்டு, கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு, முதலில் சும்மா பார்த்தாள். பிறகு பொறுக்கவில்லை.

"ரசத்துக்கு உப்பு போடற மாதிரி தூவாதீங்க. மாவ விடுங்க. அதுவா விழும்."

"விட்டுக்கிட்டுத்தான இருக்கேன்."

"நீங்க தேய்க்கிறீங்க. கை தரையில படவே கூடாது. புள்ளிய சுத்தி வாங்க. இப்படி இல்லைங்க. வளைச்சு... ஐயோ, இப்படி!"

அந்த 'இப்படி'யில் போர்வை விலகி வலது கை வெளியே வந்தது. காற்றில் ஒரு சுழி போட்டுக் காட்டினாள். இல்லாத புள்ளியைச் சுற்றி, இல்லாத மாவு விழுந்தது. சுழி முடியும் இடத்தில் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் தொட்டுக்கொண்டன.

அவள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். சொன்னால் நின்றுவிடுமோ என்று பயந்து, தலையைக் குனிந்துகொண்டு தேய்த்துக்கொண்டே இருந்தேன். பனி நல்ல அடர்த்தி. என் முகம் அவளுக்குத் தெரிந்திருக்காது. அந்தப் பனிக்கும் நன்றி.

அன்றே என் மண்டையில் ஒரு மருத்துவக் கொள்கை உருவாகிவிட்டது. ரப்பர் பந்தால் முடியாததை என் கோலத்தின் விகாரம் சாதிக்கிறது. ஆகவே விகாரம் கூடக் கூடக் கை குணமாகும். மறுநாள் தலைப்பு கரும்பு. வேண்டுமென்றே கோணலாகப் போட்டேன். வேண்டுமென்று தப்புச் செய்வதற்கும் கொஞ்சம் திறமை வேண்டும் போலிருக்கிறது. அன்றைய தப்பு என் இயல்பான தப்பைவிட நன்றாக வந்துவிட்டது. "முன்னேற்றம் தெரியுது சார்" என்று கடைக்கார அம்மாள் எழுதினார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆனாலும் மனைவி படியிலிருந்து இறங்கி வந்து, இரண்டு கணுவைக் காற்றில் திருத்திக் காட்டினாள்.

போகியன்று புள்ளிகளை அவளே வைத்தாள். குனிந்து, ஒரு சிட்டிகை எடுத்து, விட்டு, நகர்ந்து, மறுபடி எடுத்து. முதல் வரிசை நெளிந்தது. ஒரு புள்ளியில் மாவு மொத்தமாகக் கொட்டியபோது உதட்டைக் கடித்துக்கொண்டாள். நான் கை கொடுக்கப் போனேன்.

"நீங்க சும்மா இருங்க. உங்க புள்ளியத்தான் ஊரே பாத்துச்சே."

மூன்றாவது வரிசை நேராக வந்தது.

பொங்கலன்று விடிவதற்கு முன் மாவு டப்பாவோடு கதவைத் திறந்தேன். வாசலில் ஏற்கெனவே கோலம் இருந்தது. அவள் வழக்கமாகப் போடுவதில் கால்வாசிகூட இராது. பொங்கல் பானை, மேலே சூரியன், இரண்டு பக்கமும் கரும்பு. பானையின் வயிற்றில் கோடு ஓரிடத்தில் நடுங்கி, நின்று, மறுபடி தொடங்கியிருந்தது. அந்த நடுக்கத்தின்மேல் கால் பட்டுவிடக் கூடாது என்று நான் வெகுநேரம் படியிலேயே நின்றேன். உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

மத்தியானம் இரண்டு இலை போட்டாள். எனக்கு எதிரில் உட்கார்ந்தாள். சர்க்கரைப் பொங்கலில் விரலை வைத்து, சூடு தாங்காமல் எடுத்து, ஊதி, மறுபடி வைத்தாள். உருண்டை சரியாக வரவில்லை. பாதி இலையில் விழுந்தது. மீதி வாய்க்குப் போயிற்று. "என்னங்க பாக்கறீங்க, சாப்பிடுங்க" என்றாள். சாப்பிட்டேன். அந்தப் பொங்கலில் இனிப்பு எப்படி இருந்தது என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கேட்டதற்கு மேலேயே கிடைத்துவிட்டது என்ற நினைப்புதான் இருந்தது. யாரிடம் கேட்டேன் என்பதைக்கூட நான் யோசித்துப் பார்த்ததில்லை.

காணும் பொங்கல் சாயங்காலம் ஃபேன்ஸி ஸ்டோர் வாசலில் பரிசு கொடுத்தார்கள். எனக்கு ஊக்கப் பரிசு. பொட்டலத்தைப் பிரித்தால், போட்டியில் கூடாது என்று தடை செய்திருந்த ஓட்டை போட்ட கோலக்குழாய். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பரிசு வாங்கியவர் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றார்கள். என்னிடம் இரண்டு வார்த்தை கேட்டவர்கள் யாரும் இரண்டோடு தப்பியதில்லை. தெருவுக்கும் கேலிக்கும் நன்றி சொன்னேன். பிறகு என் மருத்துவக் கொள்கையை விவரமாக எடுத்து வைத்தேன். மோசமான ஓவியம் பார்ப்பவரின் நரம்புகளை எப்படித் தூண்டுகிறது, திருத்தும் ஆசை விரல்களை எப்படி விடுவிக்கிறது என்று சொல்லிக்கொண்டே போனேன். மனைவி கடைப்பலகையில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். கூச்சப்படுகிறாள் என்று நினைத்தேன்.

கூட்டம் கலைந்த பிறகு, கடைக்கார அம்மாள் நாற்காலிகளை மடக்கிக்கொண்டே கேட்டார்:

"டீச்சர் உங்ககிட்ட சொல்லவே இல்லையா சார்? நியூ இயர்லேர்ந்து தினம் மத்தியானம் எங்க வீட்லதான் சப்பாத்திக்கு மாவு பிசைஞ்சாங்க. வலியில அழுதுக்கிட்டே பிசைவாங்க. 'போதும் டீச்சர்'னு நான் சொன்னா, 'பொங்கலன்னிக்கும் அந்த மனுஷன் வாசல்ல உக்காந்தா ஊர்ல தலை காட்ட முடியாதும்மா, இன்னும் கொஞ்சம் மாவு போடு'ம்பாங்க."