கதம்பை ஓடையில் மீன் வந்த கதை

எங்கள் ஊர் ஓடையைக் கெடுத்தவர்களில் நானும் ஒருவன். பள்ளிக்கூடம் போகாதவனுக்குக் கிடைத்த உத்தியோகம் அது. கயிறு ஆலைக்காரருக்காகத் தேங்காய் உரித்த மட்டையை, எங்கள் பேச்சில் கதம்பையை, வலையில் கட்டி, ஓடையில் அமுக்கி, மேலே சேற்றை அப்பி, மாதக்கணக்கில் அழுகவிட வேண்டும். தண்ணீர் கறுத்து, கூழ்முட்டை நாற்றம் அடித்தது. மீன்களெல்லாம் செத்தன. நான் சாகவில்லை, நாறினேன்.

நாடு விடுதலையான மறுவருசம் எனக்குக் கல்யாணம். மூன்றாம் மாதமே நாற்றம் தாங்காமல் என் மனைவி தாய்வீட்டுக்குப் புறப்பட்டாள்.

"ஓடையில மீனு வரட்டு, அன்னைக்கு நானும் வாறேன்."

"மீனுக்கு நான் எங்கட்டி போவேன்?"

"கொல்லத் தெரிஞ்சவருக்கு அது தெரியாதோ?"

உப்புத்தண்ணீரில் ஊறினால் நார் நன்றாயிருக்கும் என்று ஆலைக்காரர் கொஞ்ச நாளில் கதம்பையைக் கடலோர உப்பங்கழிக்கு மாற்றினார். நான் அங்கே போகாமல் வயல்வேலைக்கு இறங்கினேன்.

ஒரு மழைக்காலம் போனது. தண்ணீர் சற்றுத் தெளிந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. குளத்தில் கெண்டைக்குஞ்சுகளைப் பிடித்து, ஒரு பானை நிறைய ஓடையில் விட்டேன். மறுநாள் மாமனாரைக் கூட்டிவந்து காட்டினேன். அத்தனையும் செத்து மிதந்தன.

"மருமவனே, ஒம்ம ஊர்ல மீனு மல்லாந்துதான் நீஞ்சுமா?"

சிரித்துக்கொண்டே போனார். மகளை அனுப்பவில்லை.

பிறகு நான் ஒன்றும் செய்யவில்லை. எனக்கு நன்றாக வரும் வேலை அதுதான். அந்தியில் கரையில் போய் உட்காருவேன். அடுத்த மழையில் மலைத்தண்ணீர் வந்து, கறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாய் இழுத்துப்போனது. முதலில் தவளைச் சத்தம், அப்புறம் தும்பி. அடியில் மணல் தெரிந்தது. மணல்மேல் மேகம் நகர்ந்தது. நான் விழித்திருக்கிறேனா, தூங்குகிறேனா என்றே தெரியாது. ஒருநாள் அந்த மேகத்துக்குள்ளே விரல்நீள அயிரைகள் திரும்பி மின்னின. நான் மூச்சுக்கூட விடவில்லை.

போய் மனைவியிடம் சொன்னேன். துணிமூட்டை எடுக்காமல், வெறுங்கையோடுதான் வந்தாள். நேரே ஓடைக்குப் போய்க் காலை விட்டாள். கொஞ்ச நேரத்தில் அயிரைகள் வந்து அவள் பாதத்தைக் கொத்தின. நானும் பக்கத்தில் காலை விட்டேன். ஒன்றுகூட என்னிடம் வரவில்லை.

"ஒம்மள மீனுக்கு இன்னும் ஓர்மையிருக்கு, மறக்கல்ல," என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அப்ப நீ போறியா?"

"நாளைக்கும் வந்து காலைப் போடும். எப்பம் கடிக்குன்னு பாத்துட்டுப் போறேன்."

என் தோளில் கிடந்த அழுக்குத் தோர்த்துத் துண்டை உருவி, ஓடையில் முக்கி, கல்லில் அடிக்கத் தொடங்கினாள்.