சோப்பு டப்பா கேட்ட வெர்னன்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்றைக்கு அமரில்லோ நகரத்துக்கு வடக்கே நல்ல துப்பாக்கி வேண்டுமென்றால் என் கடைக்குத்தான் வர வேண்டும். தகரக் கொட்டகையில் தொடங்கி நானே கட்டியது; ஒருவனும் தூக்கிக் கொடுக்கவில்லை. ஆள் நுழையும் நடையைப் பார்த்தே என்ன வாங்குவான் என்று சொல்லிவிடுவேன். வெர்னன் டேக்கெட் விஷயத்தில்தான் என் கணக்கு தப்பியது.

வெர்னன் பண்ணைகளில் காற்றாலை பழுதுபார்ப்பவன். அந்தரத்தில் தொங்கியே வயதானவன். இடுப்பில் எப்போதும் ஓர் எஃகுக் கைத்துப்பாக்கி இருக்கும். கல்யாணத்தன்று மனைவி ஒலீட்டா கொடுத்தது. உறை உரசி உரசி நீலப் பூச்சு போய், விளிம்பெல்லாம் வெள்ளியாய் மின்னும். பிளாஸ்டிக் உடம்பு வைத்த புதுத் துப்பாக்கிகளுக்கு அவன் வைத்த பெயர் சோப்பு டப்பா.

"உன் சோப்பு டப்பாவும் சுடும், நான் இல்லேங்கல. ஆனா கையில எடுத்தா செத்த மீனாட்டம் இருக்குய்யா. இரும்பு முதல்ல சில்லுனு முறைக்கும். அப்புறம் நம்ம சூட்டை வாங்கிக்கிட்டு நம்மாளா ஆயிடும்."

"அது உன் பெண்டாட்டி குணம்டா," என்பேன்.

ஒலீட்டா வசந்தத்தில் இறந்துபோனாள். அக்டோபரில், காற்று ஊளையிட்ட ஒரு செவ்வாய் மதியம் வெர்னன் வந்தான். மழமழவென்று சவரம் செய்த முகம். சர்ச்சுக்குப் போடும் வெள்ளைச் சட்டை.

"ஒரு சோப்பு டப்பா குடு."

சிரித்துவிட்டேன். "வாடா வழிக்கு! எது வேணும்?"

"எதுன்னாலும் சரி."

ஒன்றை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தேன். ஸ்குரூ டிரைவரைக்கூடக் கையில் எடை பார்க்காமல் வாங்காதவன், அதைத் தொடாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான். என் சிரிப்பு நின்றது.

"உன் இரும்பு என்னாச்சு?"

"வீட்ல இருக்கு. எண்ணெய் போட்டு, துணியில சுத்தி, மக பேரை எழுதி வச்சிருக்கேன்."

"அது இருக்க, இது எதுக்கு?"

"அது ஒலீட்டா குடுத்ததுய்யா. அதை அந்த வேலைக்கு எடுக்க மனசு வரல."

எந்த வேலை என்று நான் கேட்கவில்லை. துப்பாக்கியை உள்ளே வைத்துப் பூட்டினேன்.

"விக்க மாட்டேன்."

"சரி. அடுத்த ஊர்ல வாங்கிக்கறேன்." குரலில் கோபமே இல்லை.

ஆலங்கட்டி மழை கூரையைப் பொத்தல் போட்ட அன்றும் திறந்திருந்த கடை. அதை இழுத்து மூடி, அவனை என் வண்டியில் ஏற்றி அவன் வீட்டுக்குப் போனேன். வீட்டில் இருக்கும் துப்பாக்கியையெல்லாம் என்னிடம் கொடு என்றேன். வேட்டைத் துப்பாக்கியை உடனே எடுத்துக் கொடுத்தான். துணியில் சுற்றியதை மட்டும் வெகுநேரம் மடியில் வைத்துத் தடவிவிட்டுத் தந்தான். லப்பக் நகரத்தில் இருக்கும் அவன் மகளைப் போனில் கூப்பிட்டேன். உடனே கிளம்புகிறேன் என்றாள்.

ஆனால் சோப்பு டப்பா எந்த ஊரிலும் கிடைக்கும். சமையலறைத் தொலைபேசியை எடுத்து, என் போட்டிக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். எவனிடமும் பல்லைக் காட்டாதவன் நான். "வெர்னன் டேக்கெட் வந்தா ஒண்ணும் விக்காதே. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்," என்று வெர்னன் காதுபடவே கெஞ்சினேன்.

"எத்தனை கடைக்குய்யா இப்படிச் சொல்லுவ?" என்றான் வெர்னன்.

"உன் பேரைக் கேட்டாலே எல்லாப் பயலும் கதவைச் சாத்துற வரைக்கும்."

அவன் சிரிக்கவில்லை. வெளியே காற்று கதவை உலுக்கியது. வாசலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். நான் அடுத்த எண்ணைச் சுழற்றினேன்.