சண்முகலிங்கம் ஏற்றி இறக்கிய வேட்பாளர்கள்

சண்முகலிங்கத்துக்கு அறுபத்தொரு வயதில்தான் வாய் முளைத்தது.

அதற்கு முன்னர் இருபத்திரண்டு வருஷம் கனடாவில் மார்க்கம் நகரப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கதவுப்பிடிகளைப் பெட்டிக்குள் அடுக்கினார். அங்கே மெஷின் போட்ட சத்தத்தில் யாரும் யாரோடும் கதைக்க முடியாது. தலையை ஆட்டினால் ஓம், கையை ஆட்டினால் வீட்டுக்குப் போகலாம், அவ்வளவுதான் மொழி. பிறகு ஒரு நாள் அந்தத் தொழிற்சாலையை மெக்சிக்கோவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மெஷின்களைக் கவனமாகப் பொதி செய்து கொண்டுபோனவர்கள் சண்முகலிங்கத்தை இங்கேயே விட்டுவிட்டார்கள்.

ஒன்றரை வருஷம் வீட்டில் இருந்தார். அப்புறம்தான் ஸ்காபரோவில், ஒரு பல் வைத்தியரின் மேல்மாடியில், ஒரு கருத்துக்கணிப்புக் கொம்பனி தமிழில் கேள்வி கேட்க ஆள் தேடியது. அவருடைய கை வேண்டாம், குரல்தான் வேண்டும் என்று உலகத்தில் ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. முதல்நாள் தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, அயன் பண்ணின சேட் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டார்.

"போனிலதானே கதைக்கப் போறியள்? சேட்டை ஆர் பாக்கப் போகினம்?" என்று மனைவி யோகராணி கேட்டார்.

"சேட் கசங்கினால் குரலும் கசங்குமப்பா."

அவர் வேலைக்குச் சேர்ந்த நேரம் அந்த வட்டாரத்தின் நகரசபை உறுப்பினர் பதவியை விட்டுவிட்டுப் போயிருந்தார். ஏன் போனார் என்பதற்கு நாலு பேர் நாலு காரணம் சொன்னார்கள், நாலும் பொருத்தமாகத்தான் இருந்தன. வெறுமையான கதிரைக்கு இடைத்தேர்தல். பதினேழு பேர் போட்டி. அதில் பதினாலு பேரை அவர்களுடைய வீட்டுக்காரருக்கே தெரியாது. மிச்சம் மூன்று பேர். வீடு விற்கிற கிருபன், பஸ் தரிப்பில் குந்துகிற வாங்குகளில் விளம்பரமாகச் சிரித்துக்கொண்டிருப்பவர், ஊர் யாழ்ப்பாணத்துக் கொக்குவில். வழக்கறிஞர் ராஜஸ்ரீ, கோயம்புத்தூரில் பிறந்தவர், நிறுத்தாமல் அழகாகக் கதைப்பவர். மூன்றாவது மரியோ, போன உறுப்பினரின் அலுவலகத்தில் குப்பை எடுக்கவில்லை என்ற முறைப்பாடுகளைப் பதினொரு வருஷம் கேட்டவர்.

"இந்தத் தேர்தல் முடியும்வரை ஒழுங்காகச் செய். பிறகு உன்னை நிரந்தரமாக்குகிறேன்" என்றான் மேற்பார்வையாளன் கிளிபோட். கயானாவில் பிறந்தவன், முப்பத்தைந்து வயது, கண் எப்போதும் கணினியில்தான். அவன் சொன்ன சட்டம் ஒன்றே ஒன்று. "உன்னைப் பற்றி எதுவும் சொல்லாதே. நீ ஒரு சுவர். சுவர் கேள்வி கேட்கும், சுவருக்குக் கதை கிடையாது."

சண்முகலிங்கம் சுவராகத்தான் தொடங்கினார். அச்சடித்த தாளைப் பார்த்து, "வணக்கம், எதிர்வரும் இடைத்தேர்தல் தொடர்பாகச் சில வினாக்கள்" என்று செய்தி வாசிப்பது போல வாசித்தார். மறுமுனையில் பதில் வராது, கேள்விதான் வரும்.

"ஆர் கதைக்கிறது?"

"ஆய்வு நிறுவனத்திலிருந்து பேசுகிறேன்."

"அது சரி. நீங்கள் எந்த ஊர்?"

"அதைச் சொல்ல அனுமதியில்லை."

டொக்.

மூன்று நாள் இதே பாட்டுத்தான். ஊர் சொல்லாத மனிதனோடு கதைக்க ஸ்காபரோவில் ஒரு தமிழனும் தயாராக இல்லை. வரி அறவிடுகிறவன் என்றார்கள், கடனட்டை விற்கிறவன் என்றார்கள், ஒருவர் "டேய், உன்னை எனக்குத் தெரியும்" என்றுவிட்டுப் போனை வைத்தார். கிளிபோட்டின் திரையில் சண்முகலிங்கத்தின் பெயருக்கு நேரே பெரிய முட்டை. திரும்பவும் வீட்டுக்குப் போய்ச் சோபாவில் குந்தவேண்டி வருமோ என்ற பயம் வந்தது.

நாலாம் நாள் அருள்மலர் என்ற பெண்மணி போனை எடுத்தார். குரலைக் கேட்டால் எழுபதுக்குக் கிட்ட.

"எந்த ஊர் தம்பி?"

சண்முகலிங்கம் ஒரு தரம் திரும்பிக் கிளிபோட்டைப் பார்த்தார். அவன் கணினிக்குள் இருந்தான்.

"கொக்குவில், அக்கா."

"கொக்குவிலே! அதை முதலே சொல்லியிருக்கலாமெல்லே! கேளும் கேளும், என்ன வேணும் உமக்கு?"

கதவு திறந்தது போல இருந்தது. வாக்களிக்கத் தகுதி இருக்கோ என்றால் ஓம். கட்டாயம் போய்ப் போடுவீர்களோ என்றால் ஓம். ஆருக்கு?

"உதென்ன கேள்வி? உங்கட ஊர்ப் பெடியன் கிருபன் நிக்கிறாரெல்லே. அவருக்கே போடும்."

"நான் போடுறதில்லை அக்கா, நீங்கள்."

"ஓமோம், நானும் அவருக்குத்தான்."

அன்றிலிருந்து சுவருக்கு ஊர் வந்துவிட்டது. கேட்ட எல்லோருக்கும் மறைக்காமல் கொக்குவில் என்றார். ஊருக்குள் எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி என்று தோண்டியவர்களுக்கும் பதில் சொன்னார். அந்தத் தோண்டல் கடைசியில் சாதியில்தான் போய் நிற்கும் என்று அவருக்குத் தெரியும், ஆனாலும் முட்டையை விட அது பரவாயில்லை. பட்டியலில் ஒவ்வொரு நாளும் இருபது, இருபத்தைந்து பேர் ஏறினார்கள். கிளிபோட் வந்து முதுகில் தட்டினான்.

இரண்டாம் கிழமை கணிப்பு வெளிவந்தது. ஒன்பது வீதத்தில் இருந்த கிருபன் இருபத்தாறுக்குப் பாய்ந்திருந்தார். தமிழ் வானொலியில் "கிருபன் அலை" என்றார்கள். ஏன் இந்த அலை என்று இரண்டு ஆய்வாளர்கள் ஒரு மணித்தியாலம் விளக்கினார்கள். பஸ் சேவை பற்றி அவர் சொன்ன கருத்தாம், இளைஞர் ஆதரவாம். சண்முகலிங்கம் காருக்குள் இருந்து முழுதையும் கேட்டார். நன்றாகத்தான் விளக்கினார்கள். அவருக்கே நம்பலாம் போலத்தான் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை கிளிபோட் கூப்பிட்டான்.

"ஒரு விசித்திரம். ஆங்கிலத்தில் கேட்டவர்களிடம் கிருபன் அசையவில்லை. உன்னிடம் மட்டும் ஏறுகிறார். ஏன்?"

"தமிழாக்கள் அவரை விரும்பீனம் போல" என்றார் சண்முகலிங்கம், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

"இருக்கலாம். அடுத்த கிழமை உன்னுடைய ஒலிப்பதிவு ஒன்றை எடுத்துக் கேட்போம்."

உண்மையைச் சொல்லாமல் பிழையைத் திருத்துவது எப்படி என்று சனியும் ஞாயிறும் யோசித்தார். கிருபனை இறக்கினால் சரி. இறக்குவதற்கு வழி? ஊரை மாற்றுவது. தொழிற்சாலையில் ஒரு பெட்டியில் கூடிப்போனால் மற்றப் பெட்டியில் போட்டுச் சமன் செய்கிற மனுஷன் அவர், மூளை அப்படித்தான் வேலை செய்தது.

திங்கட்கிழமையிலிருந்து சண்முகலிங்கம் கோயம்புத்தூர். தொலைக்காட்சித் தொடர் பார்த்துப் பழகின தமிழில், "வணக்கமுங்க, நான் கோயமுத்தூருங்க" என்றார். பக்கத்து மேசையில் இருந்த சீனப் பெட்டைக்கே ஏதோ மாறிவிட்டதென்று விளங்கியது, திரும்பிப் பார்த்தாள்.

யாழ்ப்பாணத்து ஆட்கள் வேற்றூர் மனிதன் மனம் நோகவிடுவார்களா? "ஓ, இந்தியாவோ? அப்ப அந்த ராஜஸ்ரீப் பிள்ளையும் உங்கட பக்கமெல்லே. என்ன வடிவாக் கதைக்குது! அவவுக்கே போடுங்கோ."

மூன்றாம் கிழமை ராஜஸ்ரீ முன்னுக்கு. கிருபன் அலை அடங்கியது என்றது வானொலி. அதே இரண்டு ஆய்வாளர்கள், அதே ஒரு மணித்தியாலம். விவாத மேடையில் கிருபன் தடுமாறினாராம்.

அன்று இரவுச் சாப்பாட்டில் யோகராணி புட்டைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "நான் கிருபனுக்குத்தான் போடுறதெண்டு இருந்தனான். இப்ப எல்லாரும் ராஜஸ்ரீ எண்டீனம். அவவுக்கே போடுவம்."

"எல்லாரும் எண்டா ஆர்?"

"உங்கட கொம்பனிதானே சொல்லுது! வேலை செய்யிற உங்களுக்குத் தெரியாதே?"

சண்முகலிங்கம் புட்டைத் தள்ளி வைத்தார். அவர் பொய்யாய் ஏற்றிய எண் இப்போது மெய்யாய் ஏறுகிறது, அதுவும் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். அப்படியென்றால் அது பொய்யா, மெய்யா? கணிப்பு சனத்தைச் சொல்கிறதா, சனம் கணிப்பைச் சொல்கிறதா? கதவுப்பிடியில் இந்தச் சிக்கல் கிடையாது. கதவுப்பிடி கதவுப்பிடிதான்.

தமிழில் பதில் சொல்பவர்களின் பட்டியல் சின்னது, கணினி அதையே சுற்றிச் சுற்றி எடுத்தது. அடுத்தநாள் மத்தியானம் மறுமுனையில் கேட்ட குரல் பழக்கமானது.

"எந்த ஊர் தம்பி?"

"கோயமுத்தூருங்கம்மா."

"போன முறை கொக்குவில் எண்டனீர்?"

சண்முகலிங்கத்தின் காதுக்குள் வியர்த்தது. வைத்துவிடலாம் என்று கை போனது. வைக்கவில்லை.

"அக்கா... அது..."

"பயப்பிடாதையும். குரலை எனக்குத் தெரியாதே? நானும் உமக்குப் பொய்தான் சொன்னனான். எனக்கு வோட்டே இல்லை தம்பி. சிற்றிசன் இன்னும் எடுக்கேல்லை."

"அப்ப ஏனக்கா ஓம் எண்டனீங்கள்?"

"இல்லையெண்டால் நீர் வைச்சிருப்பீரே. மகன் விட்பியில வீடு வாங்கிப் போட்டான், ஞாயிறுகளில வருவான், சினோ கொட்டினால் அதுவும் இல்லை. பகலில போன் அடிக்கிறது நீர் மட்டும்தான். இப்ப ஆர் முன்னுக்கு நிக்கினம்? உமக்கு எது வசதியோ அதையே எழுதும். அடுத்த முறையும் எடும், என்ன?"

வியாழக்கிழமை கிளிபோட் அவரைச் சின்ன அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினான். கணினியில் ஒரு ஒலிப்பதிவு.

"கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தேன். ஆனால் இந்தக் கட்டடத்தில் தமிழ் தெரிந்த ஒரே ஆள் நீதான். நீயே மொழிபெயர்த்துச் சொல்."

அவன் பொத்தானை அழுத்தினான். "எந்த ஊர் தம்பி?" என்றார் அருள்மலர்.

இதைவிட வசதியான விசாரணை உலகத்தில் எவருக்கும் கிடைத்திருக்காது. 'இந்த அம்மா வாக்களிப்பேன் என்கிறார், ராஜஸ்ரீக்கு என்கிறார்' என்று சொன்னால் கதை முடிந்தது. நிரந்தர வேலை, ஹெட்செற், அயன் பண்ணின சேட், எல்லாம் அவருக்கே. கிளிபோட் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

சண்முகலிங்கம் வாயைத் திறந்தார். வாய் தன்பாட்டுக்கு முதல் சொல்லிலிருந்து ஒழுங்காக மொழிபெயர்க்கத் தொடங்கியது. ஊர் கேட்டதை, தான் கோயம்புத்தூர் என்றதை, அதற்கு முன் கொக்குவில் என்றதை, வோட்டு இல்லாததை, விட்பி மகனை, பனி கொட்டினால் அவனும் வராததை. "அடுத்த முறையும் எடும்" என்ற இடத்தில் மட்டும் ஆங்கிலம் வரவில்லை. இரண்டு தரம் முயன்று, "திரும்ப எடுக்கச் சொல்கிறார்" என்று முடித்தார்.

கிளிபோட் நெடுநேரம் பேனையை மூடி மூடித் திறந்தான்.

"நீ பொய் சொல்லியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது."

"ஓம்."

"பிறகு ஏன் சொன்னாய்?"

"எனக்கே விளங்கேல்லை" என்றார் சண்முகலிங்கம், தமிழிலேயே. கிளிபோட்டுக்கு அது எப்படியோ விளங்கியது.

தமிழில் எடுத்த மூன்று கிழமைப் பதில்களும் குப்பைக்குப் போயின. பத்திரிகைக்குத் திருத்தம் ஒன்று அனுப்பினார்கள், அதை ஒருவரும் வாசிக்கவில்லை. சண்முகலிங்கத்தின் ஹெட்செற்றைக் கிளிபோட் வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்தான். "உன்னை அனுப்ப மாட்டேன். ஆனால் போன் இல்லை. பதில்களை வாசித்துப் பிரிக்கிற வேலை இருக்கிறது, அமைதியான வேலை." அமைதியான வேலை என்றதும் சண்முகலிங்கத்துக்குக் கதவுப்பிடிகள் ஞாபகம் வந்தன. தலையை ஆட்டினார்.

தேர்தலில் வென்றது மரியோ. நானூற்றுச் சொச்ச வாக்கு வித்தியாசம். வானொலியில் அதற்கும் காரணம் சொன்னார்கள், அதுவும் பொருத்தமாகத்தான் இருந்தது.

தேர்தலுக்குப் பிறகு இன்னொரு கணிப்பு, ஏன் அவருக்குப் போட்டீர்கள் என்று. போனில் கேட்டது கிருஷ்ணா என்ற புதுப் பெடியன், தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்தவன். அவன் எழுதித் தந்த பதில்களைச் சண்முகலிங்கம் வாசித்துப் போக்குவரத்து, வரி, வீட்டுவசதி, பாதுகாப்பு என்ற நாலு பெட்டிகளில் ஒன்றில் போடவேண்டும். முதல் தாளில் இப்படி இருந்தது: "மரியோ வீட்டுக்கு வந்தார். நல்ல மழை. குடையும் இல்லை. பாவம்."

போக்குவரத்தா? நடந்துதான் வந்திருக்கிறார். பாதுகாப்பா? குடை பாதுகாப்பில் சேருமா? அரை மணித்தியாலம் அந்தத் தாளோடு இருந்துவிட்டு எழும்பிக் கிளிபோட்டிடம் போனார்.

"இன்னொரு பெட்டி வேணும்."

"என்ன பெயரில்?"

"பாவம்."

"அதென்ன?"

சண்முகலிங்கம் கதவுக்கு வெளியே ஒரு ஆள் நனைந்துகொண்டு நிற்பதைக் கையாலும் முகத்தாலும் நடித்துக் காட்டினார். கிளிபோட் சிரிக்கவில்லை. எழுத்துக்கூட்டச் சொல்லிக் கேட்டு, கணினியில் ஐந்தாவது பெட்டியைத் திறந்தான்.

பின்னேரம் ஐந்து மணிக்குப் பார்த்தால் அந்தப் பெட்டிதான் ஆகக் கூடுதலாக நிரம்பியிருந்தது. சனம் உண்மையாக அப்படித்தான் வோட்டுப் போட்டதா, அல்லது இதையும் நானேதான் ஏற்றுகிறேனா என்று சண்முகலிங்கத்துக்கு விளங்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சேட்டில் துடைத்துப் போட்டுக்கொண்டு, கடைசியாக வைத்த தாளைத் திரும்ப எடுத்து வாசித்தார்.